வீட்டிலேயே முகப்பூச்சு செய்யலாமா? எலுமிச்சையைத் தொடும் முன் இதைப் படிங்க!

"சமையலறையில இருக்கிறதுதானே, முகத்துல போட்டா என்ன ஆகும்?"

பாட்டியும் அப்படித்தான் சொல்வார். டிக்டாக் காணொளியும் அதையேதான் சொல்கிறது. சில பொருள்களுக்கு அது சரி. சிலவற்றுக்குச் சரியில்லை. எது எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், தோலுக்கும் நல்லது.

முதலில்: எலுமிச்சை வேண்டாம்

கரும்புள்ளி போக எலுமிச்சைச் சாறு தடவச் சொல்வோர் ஏராளம். ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் தோலின் பிஎச் அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் சுமார் 2. அந்த அளவுகோலில் 1 குறைந்தாலே அமிலத்தன்மை 10 மடங்கு கூடிவிடும். அப்படியென்றால் எலுமிச்சை உங்கள் தோலைவிடக் கிட்டத்தட்ட 1,000 மடங்கு அமிலம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எலுமிச்சையிலும் தேசிக்காயிலும் உள்ள சில வேதிப்பொருள்கள், வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். உடனே தெரியாது. ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம் வரலாம். பிறகு கருந்தடம் விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தொடும் சிங்கப்பூரில் இது சின்ன விஷயமில்லை.

நம்முடையது போன்ற மாநிறத் தோலில், எந்த எரிச்சலும் ஆறிய பிறகு கறுப்புத் தடமாகத் தங்கும் வாய்ப்பு அதிகம். "கொஞ்சம் வெளுப்பா ஆகணும்" என்று தடவியதே முகத்தைக் கறுக்க வைத்தால் எப்படி இருக்கும்? வீட்டில் யாராவது அப்படிச் சொல்லி உங்கள் கையில் எலுமிச்சையைக் கொடுத்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

இவற்றையும் தவிர்க்கலாம்

- சமையல் சோடா: காரத்தன்மை கொண்டது. தோலின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கும்.
- பூண்டு: பருமேல் வைத்துக் கட்டினால் தீக்காயம்போல் புண்ணாகும்.
- பற்பசை: பருவைக் காயவைக்கும்னு சொல்வாங்க. எரிச்சல்தான் மிச்சம்.
- வீட்டில் செய்த சன்ஸ்கிரீன்: எவ்வளவு பாதுகாப்பு தருகிறது என்பதை வீட்டில் அளக்கவே முடியாது. இதை மட்டும் கடையில் வாங்கிவிடுங்கள்.

சரி, எதைச் செய்யலாம்?

1. நலங்கு மாவு

காய்ந்த பாசிப்பயறு 200 கிராம், ஒரு கைப்பிடி உலர்ந்த ரோஜா இதழ், 1 தேக்கரண்டி கஸ்தூரி மஞ்சள். தேக்கா பக்கம் உள்ள கடைகளில் கிடைக்கும். சமையல் மஞ்சளைவிடக் கஸ்தூரி மஞ்சளின் கறை குறைவு. நைசாக அரைத்துச் சலித்து, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு வையுங்கள். குளிக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்து நீரில் குழைத்துப் பூசிக் கழுவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

2. ஓட்ஸ் குளியல்

அரிப்புக்கும் வறட்சிக்கும் இதமானது. சுவையூட்டாத ஓட்ஸை மாவாக அரைக்கவும். ஒரு கரண்டி மாவை நீரில் போட்டால் பால்போல் கலங்க வேண்டும். அப்படிக் கலங்கவில்லையென்றால் இன்னும் அரைக்கணும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2003ஆம் ஆண்டு நுண்ணிய ஓட்ஸை, தோலைக் காக்கும் பொருளாக ஏற்றுக்கொண்டது.

3. கை, கால் தைலம்

தேங்காய் எண்ணெய் 40 கிராம், தேன்மெழுகு 10 கிராம். கொதிநீர்ச் சட்டியின்மேல் கிண்ணம் வைத்து உருக்கி, சிறிய டப்பாவில் ஊற்றி ஆறவிடவும். தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் நம் வீட்டுச் சூட்டில் தனியாக இறுகாது. மெழுகுதான் அதைப் பிடித்து வைக்கிறது. பரு வரும் முகமாக இருந்தால் முகத்தில் பூச வேண்டாம், துளைகளை அடைக்கலாம்.

வாசனைக்கு நறுமண எண்ணெய் சேர்க்கணுமா? 30 மில்லிலிட்டருக்கு 6 சொட்டு போதும். அது ஏறக்குறைய 1 விழுக்காடு. நேரடியாகத் தோலில் தடவாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து.

தண்ணீர் சேர்ந்தால் கணக்கே வேறு

பலர் தவறு செய்யும் இடம் இதுதான். மாவு, எண்ணெய், மெழுகு ஆகியவற்றில் தண்ணீர் இல்லை. அதனால் கிருமி எளிதில் வளராது. தயிர், கற்றாழை, பன்னீர், பழக்கூழ் எது சேர்ந்தாலும் வளரத் தொடங்கிவிடும். நம்மூர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இன்னும் வேகமாக வளரும். கெட்டுப்போன வாசம் வருவதற்கு முன்பே கிருமி பெருகியிருக்கலாம்.

"வைட்டமின் ஈ சேர்த்தேனே!" என்பீர்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கிருமியைத் தடுக்காது.

ஆக, தண்ணீர் கலந்ததை அப்போதே பூசுங்கள், மிச்சத்தைக் கொட்டுங்கள். தைலத்தை ஈரக் கையால் தொடாதீர்கள்.

பூசும் முன் சோதனை

முழங்கை மடிப்பின் உட்புறத்தில், ஒரு காசு அளவு இடத்தில் தடவுங்கள். நாளுக்கு 2 முறை, 7 முதல் 10 நாள் வரை. சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் மட்டும் மற்ற இடங்களுக்குப் போகலாம். கடலை, பாதாம் போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் அவற்றின் எண்ணெயையும் தவிர்க்க வேண்டும்.

நண்பர்களுக்கு விற்கலாமா?

சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. சிங்கப்பூரில் அழகுப் பொருள்களை விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். இன்ஸ்டகிராமில் 10 டப்பா விற்றாலும் பொருளின் பாதுகாப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு. "எக்ஸீமாவைக் குணப்படுத்தும்" என்றெல்லாம் எழுதவும் கூடாது.

எப்போது மருத்துவரிடம் போவது?

கொப்புளம், வீக்கம், சீழ், காய்ச்சல் வந்தாலோ எரிச்சல் சில நாளில் அடங்கவில்லை என்றாலோ, வேறு எதையும் தடவிப் பார்க்காமல் மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே 995ஐ அழையுங்கள்.

பூசியது என்னென்ன என்று மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டி சொன்னதாக இருந்தாலும்கூட!