நோரி: பலமுறை பெயர் மாறிய சிவப்புப் பாசி

சுஷியைச் சுற்றியிருக்கும் கரும்பச்சைத் தாளை நாம் வாழும் நாடுகளின் கடைகளில் காண்கிறோம். யப்பானியர் அதனை நோரி என்பர். பச்சையாகத் தெரிந்தாலும் அது சிவப்புப் பாசி இனம். பைக்கோஎரித்திரின் என்ற செந்நிறமி அதில் உண்டு. வாட்டும்போது அது சிதைவதால் பச்சை மேலெழுகிறது. வகைப்பாட்டில் பாங்கியேல்ஸ் வரிசை, பாங்கியேசியே குடும்பம்.

யப்பானில் இன்று பெருமளவில் வளர்க்கப்படும் இனத்துக்கு 1932இல் உவேடா என்ற ஆய்வாளர் போர்பைரா யெசோயென்சிஸ் எனப் பெயரிட்டார். யெசோ என்பது ஹொக்கைடோ தீவின் பழைய பெயர்.

பெயர் இருந்தும், கோடையில் இப்பாசி எங்கே மறைகிறது என்பது தெரியவில்லை. கரையோர மக்கள் கடலில் கம்புகளை நட்டுவிட்டு, வித்திகள் தாமாக வந்து ஒட்டும்வரை காத்திருந்தனர். விடை வேறொரு பெயரின் கீழ் கிடந்தது. சிப்பி ஓடுகளைத் துளைத்து வாழும் நுண்ணிய இழைப் பாசி ஒன்றை 1892இல் பற்றர்ஸ் என்பவர் கொன்கோசெலிஸ் ரோசியா எனத் தனி இனமாகப் பதிந்திருந்தார். 1949இல் மன்செஸ்ரரில் ஆய்வு செய்த கத்லீன் ட்ரூ, பிரித்தானியக் கரையின் போர்பைராவை வைத்து, கொன்கோசெலிஸ் தனி உயிரல்ல, போர்பைராவின் இன்னொரு பருவமே என்று காட்டினார். பேரேட்டில் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு திறந்திருந்தது போன்ற நிலை அது. கணக்குகள் ஒன்றானதும், யப்பானியர் ஓடுகளில் வித்திகளை வளர்த்து வலைகளில் ஏற்றப் பழகினர். 1957இல் மறைந்த ட்ரூ யப்பானுக்குப் போனதேயில்லை. ஆயினும் 1963இல் குமமோட்டோவின் உடோ நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர்.

பின்னர் மரபணு ஒப்பீடு வந்தது. 2011இல் போர்பைரா பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டபோது இவ்வினம் பைரோப்பியாவுக்குப் போனது, 2020இல் நியோபைரோப்பியாவுக்கு. இன்று அதன் பெயரை நியோபைரோப்பியா யெசோயென்சிஸ் (உவேடா) யாங், புரோடி என்று எழுதுவர். பேரினம் மாறினால், முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. பழைய பெயர்களும் அழிக்கப்படுவதில்லை. ஒத்த பெயர்களாகப் பதிவில் இருக்கும். 1932ஆம் ஆண்டின் பெயரைக் கையில் வைத்திருப்பவர் இன்றைய பெயருக்கு வந்து சேரலாம்.

இதன் அருமை நமக்குத் தெரியும். ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அகதி விண்ணப்பத்தில் இன்னொன்று, வதிவிட அட்டையில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக. எல்லாம் ஒரே ஆள் என்று காட்ட நாம் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. நமது ஆவணங்களில் அந்த அடைப்புக்குறி இல்லை. ஆகவே பழைய பத்திரங்களை எறியாமல், எந்தப் பெயர் எப்போது, எங்கே மாறியது என்று பிள்ளைகளுக்கு எழுதி வைப்போம்.