பிரிட்டனின் 'சனிக்கிழமைப் பள்ளிகள்' எப்படித் தொடங்கின?

வாரம் 5 நாள் பள்ளி. சனிக்கிழமையும் இன்னொரு பள்ளியா? "ஐயோ, வேண்டாம்"னுதானே சொல்லத் தோணுது?

பிரிட்டனில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள் 1960களிலிருந்தே அப்படிப் போய்வருகிறார்கள். அங்கே கணிதம், ஆங்கிலத்தோடு கறுப்பின வரலாறு, கவிதை, நாடகம் எல்லாம் உண்டு. கட்டணம் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் சொற்பம்தான்.

தேவை ஏன் வந்தது?

கற்றல் திறன் குறைந்த பிள்ளைகளுக்கென்று அப்போது அங்கே தனிப் பள்ளிகள் இருந்தன. கரீபியப் பிள்ளைகள் பலர் அங்கே அனுப்பப்பட்டனர். 'ஸ்பெஷல் ஸ்கூல்' என்றதும் சிறப்பான பள்ளி என்று நம்பிய பெற்றோரும் உண்டு. அங்கே போன பிள்ளை வழக்கமான பள்ளிக்குத் திரும்புவது அரிது.

அத்தகைய பள்ளிகளில் பணியாற்றிய கிரெனடா ஆசிரியர் பெர்னார்ட் கோவார்ட், 1971இல் இதை ஒரு சிறு நூலில் அம்பலப்படுத்தினார். பிள்ளைகளிடம் குறையில்லை, சோதனையில்தான் கோளாறு என்றார் அவர்.

ஓர் உதாரணம். தண்ணீர்க் குழாய்க்கு இங்கிலாந்தில் 'டேப்' என்பார்கள். கரீபியத் தீவுகள் பலவற்றில் அது 'பைப்'. (நம்ம வீட்லயும் அப்படித்தானே!) 'டேப்' என்ற சொல் பழக்கமில்லாத பிள்ளைக்கு அறிவு குறைவு என்று சோதனை காட்டிவிடும்.

யார் நடத்தினார்கள்?

பெற்றோர், ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள். எல்லாரும் தொண்டூழியர்கள். டிரினிடாட் கவிஞரும் பதிப்பாளருமான ஜான் லா ரோஸ், 1969இல் லண்டனில் தம் வீட்டிலேயே வகுப்பைத் தொடங்கினார். தேவாலய மண்டபங்களிலும் சமூக நிலையங்களிலும் மற்றவர்கள் நடத்தினர். கோவார்ட்டின் நூலை வெளியிட்டதும் லா ரோஸின் பதிப்பகம்தான்.

அங்கே அப்படி என்ன வரலாறு?

ஹெய்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் அது சுதந்திர நாடு. அடிமை முறையை நல்ல மனம் படைத்த வெள்ளையர்கள் ஒழித்தார்கள் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பதின்ம வயதினருக்கு இது வேற லெவல் செய்தி.

'கற்றல் திறன் குறைந்தவர்' என்ற அந்த வகைப்பாட்டை 1981 கல்விச் சட்டம் நீக்கியது. சனிக்கிழமைப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. லண்டன் தமிழ்ப் பிள்ளைகள் வார இறுதியில் தமிழ் படிக்கப் போவதும் இதே வகைத் துணைப் பள்ளிகளுக்குத்தான்.

படமாகப் பார்க்கணுமா? இயக்குநர் ஸ்டீவ் மெக்குவீனின் 'எஜுகேஷன்' 2020இல் பிபிசியில் வெளியானது. விண்வெளி வீரராக ஆசைப்படும் 12 வயது கிங்ஸ்லி, தனிப் பள்ளிக்கு மாற்றப்படும் கதை. சுமார் ஒரு மணி நேரம்தான்.