எழும்பூர் ரயில் நிலையம்

சென்னையின் இரு பெரும் ரயில் நிலையங்களுள் ஒன்று எழும்பூர். தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காக ஹென்றி இர்வின், இ. சி. பேர்ட் ஆகியோர் வடிவமைத்த இந்த நிலையம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. விழுப்புரம், திருச்சி, மதுரை, ராமேஸ்வரம், தூத்துக்குடி, நெல்லை என்று தென் மாவட்டங்களுக்குப் போகிற ரயில்களுக்கு நூறாண்டுக்கும் மேலாக இதுவே தலைவாசல். வடக்கும் மேற்கும் போகிறவர்கள் ஏறும் சென்ட்ரல் நிலையம் இங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர்தான். இவ்வளவு அருகருகே இரண்டு பெரிய நிலையங்கள் ஒரே நகரத்தில் எழுந்ததற்குக் காரணம் தண்டவாளத்தின் அகலம். எழும்பூரின் கதையில் பெரும்பகுதி அந்த அகலத்தைச் சுற்றியே நடக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் போடப்பட்டது. மதராஸ் ரயில்வே கம்பெனி போட்ட அந்தப் பாதை அகலப் பாதை; இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860-களின் தொடக்கத்தில் வேறொரு கம்பெனி போட்டதும் முதலில் அகலப் பாதையாகத்தான் இருந்தது. 1870-ல் வைசிராய் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்க, தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் மட்டுமே உள்ள மீட்டர் கேஜ் பாதையை ஏற்றுக்கொண்டது. 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு, அகலமாகக் கிடந்த பாதையையும் பிடுங்கி மீட்டர் கேஜாக்கியது. காவிரிப் படுகை தொடங்கித் தூத்துக்குடி வரை தமிழ்நாட்டின் தெற்குப் பகுதி முழுக்க மீட்டர் கேஜ் ஆனது இப்படித்தான். மிச்சம் பிடித்த பணத்துக்கான விலையை அடுத்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் பயணிகளும் வியாபாரிகளும் கொடுத்தார்கள். கல்கத்தாவிலிருந்து மதுரைக்கு வருகிறவர் சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு ஜட்கா பிடித்து எழும்பூர் வந்து வேறு ரயில் ஏற வேண்டும். சரக்குகளையோ ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும்.

எழும்பூர் பழைய ஊர். புரசைவாக்கம், தண்டையார்பேட்டையோடு சேர்ந்து 1693-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோட்டையின் மேற்குப் புறத்தைக் காக்க இங்கே ஒரு சிறு காவல் அரண் இருந்தது. சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் 1789-ல் நிறுவப்பட்ட விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்தினார். நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் அவர். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குக் கற்றுத் தரும் முறையையும் அவர் இங்கே வகுத்தார். பிற்பாடு அது இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது.

இப்போதைய கட்டடத்துக்கு முன்பே எழும்பூரில் ரயில் நின்றது. சிகாகோ சொற்பொழிவுக்குப் பின் தாயகம் திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6 அன்று கும்பகோணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியது அந்தப் பழைய நிலையத்தில்தான். வரவேற்கத் திரண்ட கூட்டம் வழியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போனது. தலைநகரில் அப்படியொரு கூட்டத்தைத் தாங்கக்கூடிய நிலையம் தென்னிந்திய ரயில்வேயிடம் அன்று இல்லை. போட்டிக் கம்பெனியான மதராஸ் ரயில்வேக்கோ சென்ட்ரல் இருந்தது.

புதிய நிலையத்துக்கு வேண்டிய நிலத்தில் 1.83 ஏக்கர், டாக்டர் எஸ். பல்னி ஆண்டிக்குச் சொந்தமானது. 1860 வாக்கிலேயே பிரிட்டன் சென்று மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடித் தமிழர் அவர். அயல்நாட்டு மிஷன்களைச் சாராத இந்தியத் திருச்சபை வேண்டும் என்று 1886-ல் சென்னையில் தேசியத் திருச்சபையைத் தொடங்கியவரும் அவரே. இதற்கு ஈடான வேறு இடம் கிடைப்பது கடினம் என்று சொல்லி நிலத்தைத் தர முதலில் மறுத்துவிட்டார். பேசிப் பேசி ஒரு லட்சம் ரூபாய்க்குக் கம்பெனி அதை வாங்கியது. அடிக்கல்லில் பொறிக்கப்படும் பெயர்களைவிட இந்தப் பெயர் நினைவில் இருக்க வேண்டியது.

கட்டுமானம் 1905 செப்டம்பரில் தொடங்கியது. பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் டி. சாமிநாத பிள்ளை கட்டி முடித்தார். செலவு 17 லட்சம் ரூபாய். வடிவமைத்த இர்வின் அயர்லாந்துக்காரர். சிம்லாவில் வைசிராய் மாளிகை, சென்னையில் உயர் நீதிமன்றம், எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாம் அவர் கைவண்ணம் கலந்தவை. எழும்பூர் நிலையம் உயர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவருடைய மைசூர் அரண்மனையும் உயர்ந்துகொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, இந்த நிலையத்தின் முகப்பைப் பார்க்கும்போது டிக்கெட் வாங்கும் இடம் என்பதைவிட ஏதோ சமஸ்தானத்துக் கொலு மண்டபம் என்ற எண்ணமே முதலில் வருகிறது.

பாணி இந்தோ-சாரசெனிக். முகலாயக் குவிமாடம், ஐரோப்பியக் கட்டட அமைப்பு, உள்ளூர்க் கைவேலை ஆகிய மூன்றையும் கலந்து பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் உண்டாக்கியது. 1768-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையை இதன் முதல் எடுத்துக்காட்டு என்பார்கள். ராபர்ட் சிஷம் அதைப் பல்கலைக்கழக செனட் மாளிகையில் வளர்த்தார். இர்வின் காலத்தில் சிவப்புச் செங்கல் சென்னையின் நிறமாகவே ஆகிவிட்டது. எழும்பூர்க் கட்டடம் ஏறத்தாழ 300 அடி நீளமும் 70 அடி அகலமும் கொண்டது. நடுவில் பெரிய குவிமாடம், அதன் கீழே வாசல், இரு பக்கமும் வளைவு வளைவாக ஓடும் சாளரங்கள், மூலைகளில் சிறு குவிமாடங்கள். சிவப்புச் சுவரில் வளைவுகளின் விளிம்புகளும் பட்டைகளும் வெள்ளை. வெயில் சாயும் நேரத்தில் காந்தி-இர்வின் சாலையின் எதிர்ப் பக்கம் நின்று பார்த்தால் அந்த வெள்ளைக் கோடுகள்தான் கட்டடத்தைத் தூக்கி நிறுத்துவது தெரியும். அவை இல்லாவிட்டால் இவ்வளவு நீளமான சுவர் கண்ணுக்குப் பாரமாக இருந்திருக்கும். சாலையின் பெயரில் இருக்கும் இர்வின் வேறு ஆள். 1931-ல் காந்தியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வைசிராய் அவர். கட்டடத்தை வரைந்தவருக்கு அங்கே தெருப்பெயர் ஒன்றும் இல்லை.

உயர்ந்த கூடத்தைத் தாண்டினால் இரும்பு வளைவுகள் தாங்கும் கூரையும் நடைமேடைகளும். சென்ட்ரலில் தண்டவாளம் முட்டி நின்றுவிடும். கட்டடம் அதன் தலைமாட்டில் இருக்கிறது. எழும்பூரில் பாதை கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஊடுருவி ஓடுகிறது; கட்டடம் அதற்குப் பக்கவாட்டில் நீளமாகப் படுத்திருக்கிறது. முகப்பு இவ்வளவு நீண்டு அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வண்டியை நடைமேடை ஓரம் வரை ஓட்டிவந்து, ரயில் பெட்டிக்கு எதிரிலேயே இறங்கும்படி உள்ளே பாதை விட்டிருந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளையும் ஜமீன்தார்களையும் மனத்தில் வைத்துச் செய்த வசதி அது. பிற்காலத்தில் நடக்க முடியாத வயதானவர்களை ஊருக்கு அனுப்பிவைத்த குடும்பங்களுக்கும் அதுவே பெரிய உதவியானது.

எழும்பூருக்குப் பெயர் வாங்கித் தந்த ரயில் போட் மெயில். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து கப்பலில் கொழும்பு என்பது முதல் ஏற்பாடு. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. ரயில் கடலைத் தாண்டித் தனுஷ்கோடித் துறை வரை போனது. அங்கே கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற நீராவிக் கப்பல்களில் ஏறிச் சுமார் 35 கிலோமீட்டர் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து இலங்கை ரயிலில் கொழும்பு. எழும்பூரில் வாங்கும் ஒரே டிக்கெட்டில் இது முழுவதும் முடியும். வணிகர்களும் மாணவர்களும் நாடகக் கம்பெனிகளும் போன அதே வழியில்தான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் போனார்கள். ஆனால் அவர்களுக்கு நடுவில் மண்டபம் முகாம் ஒன்று இருந்தது. தொற்று நோய் இல்லை என்று உறுதியாகும் வரை அங்கே அடைத்து வைக்கப்பட்டு, பிறகே கப்பல் ஏற்றப்பட்டார்கள். போட் மெயிலின் பெருமையைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போனது. பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாளில் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிக்கான பாதை மட்டும் திரும்பப் போடப்படவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிச் சில காலம் ஓடி, 1980-களில் இலங்கை உள்நாட்டுப் போரோடு நின்றுபோனது. ராமேஸ்வரம் ரயிலைப் பெரியவர்கள் இன்னமும் போட் மெயில் என்றே சொல்கிறார்கள்.

இந்த நிலையத்திலிருந்து கிளம்பிய இன்னொரு ரயிலும் வரலாற்றில் நிற்கிறது. 1956 நவம்பர் 22 இரவு புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மறுநாள் விடிவதற்குள் அரியலூர் அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. பெருமழையில் பாலம் பலவீனப்பட்டிருந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

மின்சார ரயிலில் சென்னை முந்திக்கொண்டது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் பம்பாய்க்கு அடுத்து அந்த வசதியைப் பெற்ற நகரம் இதுதான். மீட்டர் கேஜில் இதுவே முதல். சைதாப்பேட்டையிலும் மாம்பலத்திலும் நடுத்தர வர்க்கம் வீடு கட்டிக் குடியேற வழி செய்ததில் இந்த ரயிலுக்குப் பெரும் பங்குண்டு. 1951 ஏப்ரல் 14 அன்று பழைய கம்பெனிகள் ஒன்றாகித் தெற்கு ரயில்வே பிறந்தது. 1960-களின் நடுவில் மின்பாதை விழுப்புரம் வரை நீண்டது. அதற்காக ஜப்பானிலிருந்து வந்த மிட்சுபிஷி மின் எஞ்சின்கள் மீட்டர் கேஜுக்கென்றே செய்யப்பட்டவை. நாட்டில் வேறெங்கும் ஓடாதவை. விழுப்புரத்தில் மின் எஞ்சினைக் கழற்றி நீராவி அல்லது டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அந்த இடைவேளையில் இறங்கி டீ குடித்துவிட்டு ஓடிவந்து ஏறாத தென் மாவட்டத்துக்காரர் அந்தத் தலைமுறையில் குறைவு. 1977 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ், குறுகிய பாதையிலும் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் முடியும் என்று காட்டி, மதுரைக்காரர்கள் பகலிலேயே சென்னை வந்துசேர வழி செய்தது.

1990-களில் நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டம் வந்தது. பத்தாண்டு இறுதியில் எழும்பூர்–மதுரை அகலப் பாதையானது. மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலையில் நின்றது. மாயவரம் வழியாகப் போகும் பழைய மெயின் லைன் அகலமாக 2010 ஆயிற்று. இரு நிலையங்களைப் பிரித்து வைத்த காரணம் அத்தோடு போய்விட்டது. பழக்கம் போகவில்லை, தெற்கே போகிறவர்கள் இன்றும் எழும்பூருக்கே வருகிறார்கள். நகரம் 1996-ல் பெயர் மாறியும், டிக்கெட்டில் நிலையக் குறியீடு ‘எம்எஸ்’ என்றே அச்சாகிறது.

நிலையத்தில் இப்போது 11 நடைமேடைகள். கடைசி இரண்டும் புறநகர் ரயில்களுக்கானவை. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இரண்டாம் வாசல் உண்டு. 2018 மே 25 முதல் மெட்ரோவும் கீழே ஓடுகிறது. சுமார் 735 கோடி ரூபாய் மதிப்பிலான மறுசீரமைப்புக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. இர்வினின் கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரு சாலைகளின் பக்கமும் புதிய முனையக் கட்டடங்கள் எழுப்பி, தண்டவாளங்களுக்கு மேலே பயணிகள் கூடத்தால் இணைப்பது திட்டம். கூட்டம் பெருகிய நிலையத்துக்கு இது தேவையான வேலைதான். பழைய முகப்பின் இரு பக்கமும் வரும் கட்டடங்கள் அதன் குவிமாடத்தைவிட உயர்ந்து நிற்காமலும், சாலையிலிருந்து பார்ப்பவர் கண்ணை மறைக்காமலும் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.