தலைவலியும் தனக்கு வந்தால்தான்...

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்"னு ஒரு பழமொழி இருக்கே, அது குடும்பச் சண்டையில சொல்லிக்காட்டுறதுக்குன்னே உண்டான வசனம்னுதான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒற்றைத் தலைவலியோட வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் தெரிஞ்சது, அது அப்பட்டமான மருத்துவ வரலாறு. கொஞ்சம் நீளமான பதிவு. மண்டையிடி உள்ளவங்க ரெண்டு தடவையா பிரிச்சுப் படிங்க :-)

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

எங்க அம்மாவுக்கு மாசத்துல நாலஞ்சு நாள் தலைவலி வரும். அன்னைக்கு ஜன்னலெல்லாம் சாத்திடணும். ரேடியோ கூடாது. தாளிக்கிற வாசனை ஆகவே ஆகாது. நெத்தியில சுக்குப் பத்து போட்டு, பழைய வேட்டியைக் கிழிச்சு தலையை இறுக்கிக் கட்டிக்கிட்டு இருட்டுல படுத்துடுவாங்க. வலி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, "கண்ணு முன்னாடி கோபுரக் கரை போட்ட புடவை மாதிரி மினுமினுன்னு வளைஞ்சு ஓடுதுடா"ம்பாங்க. நாங்க சிரிப்போம். அத்தை ஒருபடி மேலே போய், "விருந்தாளி வந்தா இவளுக்குத் தலைவலியும் கூடவே வந்துரும்"பாங்க. அதுக்கும் சிரிப்போம். நானும்தான் சிரிச்சேன். முப்பது வயசுல எனக்கே அந்தக் கரை ஓடுற வரைக்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்த வியாதிக்கு உலகம் பூரா ஏறக்குறைய ஒரே பேர்தான். நாம ஒற்றைத் தலைவலிங்கறோம். சரகர், சுசுருதர் பேரில் இருக்கும் ஆயுர்வேத நூல்களில் 'அர்த்தாவபேதகம்', அதாவது பாதித் தலையைப் பிளக்கிறது. கிரேக்கத்துல 'ஹெமிக்ரேனியா', பாதி மண்டை. அதுதான் தேஞ்சு தேஞ்சு மைக்ரேன் ஆச்சு. பேர் வைக்கிறதுல யாருக்கும் சிரமமில்லை. வைத்தியம்தான் சிரமம். ரோமாபுரியில கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்து மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், மின்சாரம் பாய்ச்சுகிற திருக்கை மீனை உயிரோட வலிக்கிற இடத்துல வைக்கச் சொல்லி எழுதியிருக்கார். தலைவலி போய் திருக்கைவலி! சிரிச்சுட்டு விட்டுடாதீங்க, நெத்தியில ஒட்டிக்கிட்டு நரம்புக்கு லேசா மின்சாரம் கொடுக்கிற கருவிக்கு அமெரிக்காவுல 2014ல அனுமதி கொடுத்திருக்காங்க.

என்னை ரொம்ப பாதிச்சது ஆன் கான்வே என்கிற ஆங்கிலேயப் பெண்மணியோட கதை. 1631ல பிறந்தவங்க. பன்னிரண்டு வயசு வாக்கில ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் தலைவலி ஆரம்பிச்சது, 1679ல சாகிற வரைக்கும் விடலை. பெரிய பிரபு குடும்பம், காசுக்குப் பஞ்சமில்லை. உடம்புக்குள்ள இரத்தம் சுற்றி வருதுன்னு நிரூபிச்ச வில்லியம் ஹார்வியே வைத்தியம் பார்த்திருக்கார். பாதரசம் கொடுத்துப் பார்த்தாங்க. 1656ல மண்டை ஓட்டுல துளை போட்டுக்கலாம்னு பிரான்சுக்கே போனாங்க. அங்கே அதைச் செய்யாம, கழுத்து இரத்தக்குழாயைக் கீறி இரத்தம் எடுத்து அனுப்பிட்டாங்க. 1666ல, தடவியே நோயைக் குணப்படுத்துறதா பேர் வாங்கியிருந்த வாலன்டைன் க்ரேட்ரேக்ஸை அயர்லாந்துலேர்ந்து வரவழைச்சாங்க. அவர் தடவியும் பலனில்லை.

இத்தனைக்கும் நடுவுல அந்தம்மா படுக்கையில கிடந்தே தத்துவம் எழுதினாங்க. செத்துப் பதினோரு வருஷம் கழிச்சு, 1690ல, ஆசிரியர் பேர் இல்லாமலே அந்தப் புத்தகம் வந்தது. லைப்னிட்ஸ் மாதிரி ஆளெல்லாம் மதிச்சுப் படிச்ச புத்தகம். மூளை ஆராய்ச்சியில பெரிய பேரான தாமஸ் வில்லிஸும் இந்தம்மாவுக்கு வைத்தியம் பார்த்தவர்தான். 1672ல வெளிவந்த தன் நூலில், பேர் சொல்லாம இவங்க நோயைப் பத்தி விரிவா எழுதினார். குணப்படுத்த முடியலை. ஆனா உட்கார்ந்து கேட்டு, எழுதி வெச்சார். என் கணக்குல அதுவே பெரிய காரியம்.

அடுத்த திருப்பம் 1870. ஹ்யூபர்ட் ஏரி என்கிற ஆங்கிலேய மருத்துவர், தலைவலிக்கு முன்னாடி தன் கண்ணுல ஓடின மினுக்கத்தைப் படிப்படியா வரைஞ்சு லண்டன் ராயல் சொசைட்டியோட இதழ்ல வெளியிட்டார். ஒரு புள்ளியில ஆரம்பிச்சு, கோணல் கோணலா கூர்முனைகளோட பெரிசாகி, வளைஞ்சு விலகிப் போகிற படங்கள். பழைய கோட்டை மதில் மாதிரி இருக்குன்னு அதுக்கு ஒரு கிரேக்கப் பேரும் வெச்சார். அந்தப் படத்தை முதல்முறை பார்த்தப்ப எனக்குக் கோட்டையெல்லாம் தெரியலை. அச்சு அசல் அம்மா சொன்ன கோபுரக் கரை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

1941ல கார்ல் லாஷ்லி என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் இதையே செஞ்சார், இன்னும் ஒரு படி மேலே. தன் கண்ணுல மினுக்கம் நகர்ற வேகத்தை அளந்து கணக்குப் போட்டார். மூளையோட பின்பக்கம், பார்வைக்கான பகுதியில ஏதோ ஒண்ணு நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்துல ஊர்ந்து போகுதுன்னு முடிவு. மூணு வருஷம் கழிச்சு, 1944ல, பிரேசில் நாட்டு லெயாவோ முயல் மூளையில வலிப்பு பத்தி ஆராயும்போது, மூளைச் செயல்பாடு அலை மாதிரி அடங்கிக்கிட்டே போறதைப் பார்த்தார். வேகமும் கிட்டத்தட்ட அதேதான்! ரெண்டும் ஒண்ணா இருக்குமோன்னு 1958ல ஒருத்தர் எழுதினார். 2001ல மைக்ரேன்காரர் ஒருத்தரோட மூளையை ஸ்கேன்ல வெச்சுப் பார்த்தப்ப, அந்த மினுக்கம் நடக்கும்போதே அலை நகர்றது தெரிஞ்சது. அதாவது, அம்மா பார்த்த புடவைக் கரை ஸ்கேன்ல பதிவாக அறுபது வருஷ ஆராய்ச்சி ஆகியிருக்கு.

சரி, நிவாரணம்? முதல்ல வந்த நல்ல மருந்து ஒரு விஷப் பூஞ்சையிலேர்ந்து வந்தது. ரை தானியத்துல வர்ற எர்காட். நம்ம ஊர் கம்புல தேனொழுகல் நோய்னு வருமே, அதோட பங்காளி. ஐரோப்பாவுல அதைத் தின்னு கை கால் அழுகிச் செத்தவங்க ஏராளம். 1918ல ஸ்விட்சர்லாந்துல ஆர்தர் ஸ்டால் அதிலிருந்து எர்கோட்டமைனைப் பிரிச்செடுத்தார். அது மைக்ரேனை அடக்குறப்போ பொட்டு நரம்போட துடிப்பும் சேர்ந்தே குறையுதுன்னு 1938ல நியூயார்க்ல ஹரால்ட் வுல்ஃபும் ஜான் கிரஹாமும் பதிவு செஞ்சாங்க. இந்த வுல்ஃபும் மைக்ரேன்காரர்தான்! இரத்தக்குழாய் வீங்குறதுதான் நோய்க்கே காரணம்னு அவர் நம்பினது பின்னால முழுசா நிக்கலை. ஆனா இது சோம்பேறித்தனமோ நடிப்போ இல்லை, உடம்புக்குள்ள அளக்கக்கூடிய ஒண்ணுன்னு காட்டினாரே, அது நின்னது.

இன்னொரு மருந்து வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ப்ரொப்ரனலால் என்பது நெஞ்சுவலிக்காகக் கண்டுபிடிச்ச மாத்திரை. 1960களின் நடுவுல அதைச் சோதிச்சுப் பார்த்தப்ப ஒரு நோயாளிக்கு மைக்ரேன் குறைஞ்சது. அதை அற்பம்னு ஒதுக்காம, 1966ல வந்த கட்டுரையில குறிச்சு வெச்சாங்க. இன்னைக்கும் தலைவலி வராம தடுக்க லட்சக்கணக்கான பேர் சாப்பிடுற மாத்திரை அது. என்னையும் சேர்த்து.

அப்புறம் 1991ல சுமாட்ரிப்டன். மைக்ரேனுக்குன்னே குறி வெச்சு உருவாக்கின மருந்து. அதுக்கு முன்னாடி 1990ல ஒரு முக்கியமான சோதனை. கோட்ஸ்பியும் எட்வின்சனும் தலைவலி உச்சத்துல இருக்கிற நோயாளிகளோட கழுத்து நரம்புலேர்ந்து இரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. சிஜிஆர்பி என்கிற பொருள் அதுல எக்கச்சக்கம். கான்வே அம்மாவோட கழுத்தைக் கீறி 334 வருஷம் கழிச்சு, கழுத்து இரத்தத்துக்கு ஒரு அர்த்தம் கிடைச்சது! அந்தப் பொருளோட வேலையைத் தடுக்கிற முதல் ஊசிக்கு 2018ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. இந்த வழியைத் திறந்துவிட்ட நாலு பேருக்கு 2021ல மூளை ஆராய்ச்சிக்கான பெரிய பரிசும் கொடுத்தாங்க.

இனி என் கதை. நான் பண்ணின முட்டாள்தனம், தலை லேசா கனத்தாலே மாத்திரை போட்டது. வாரத்துக்கு ஒண்ணு, அப்புறம் நாளுக்கு ஒண்ணு. கடைசியில மாசத்துல இருபது நாள் வலி. தலைவலி போய் திருகுவலி வந்த கதை. மாசத்துல 15 நாளுக்கு மேல, மூணு மாசத்தைத் தாண்டி வலிச்சா அதை 'நாள்பட்ட' கணக்குல சேர்க்கிறாங்க. சாதாரண வலி மாத்திரையை மாசத்துல 15 நாள், ட்ரிப்டன் வகையை 10 நாள்னு மாசக்கணக்கா முழுங்கிக்கிட்டே இருந்தா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். இது எனக்குத் தெரியாது. நரம்பியல் மருத்துவர் மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். என்னைக்கு வலிச்சது, எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை மாத்திரை. அவ்வளவுதான். வலி மாத்திரையை நிறுத்தின முதல் ரெண்டு வாரம் நரகம். அப்புறம் மெல்ல இறங்கி இப்போ மாசத்துக்கு மூணு, நாலு நாள். போகலை. ஆனா வாழ முடியுது. ஏரி செஞ்சதும் லாஷ்லி செஞ்சதும் அந்த நோட்டு வேலைதானேன்னு பின்னாடிதான் உறைச்சது.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அம்மாகிட்ட அந்த 1870 படத்தைக் காட்டினேன். அம்மாவுக்கு ஐம்பது வயசுக்கு மேல தலைவலி தானா நின்னு போச்சு. பல பெண்களுக்கு அப்படி ஆகும். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"இதேதான்டா. யாரு போட்டது?"

"ஒரு வெள்ளைக்கார டாக்டர்ம்மா. அவருக்கும் வருமாம்."

"அவரையும் வேலைக்குக் கள்ளம்னு சொன்னாங்களா?"

"இல்லம்மா. அவரோட அப்பாவும் இதைப் பத்தி எழுதியிருக்கார். இங்கிலாந்து அரசாங்கத்துக்கே தலைமை வானியலாளர். அவருக்கும் இதே மாதிரி கண்ணுல ஓடுமாம்."

அம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சாங்க. "அதானே. அப்பனுக்கும் வந்திருந்தா நம்பத்தானே செய்வான்" அப்படின்னுட்டு காபி போடப் போயிட்டாங்க.

டிஸ்கி: நான் மருத்துவன் இல்லை. மேலே சொன்ன மாத்திரைகளை நீங்களா வாங்கிப் போட்டுக்காதீங்க. ப்ரொப்ரனலால் ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆகாது, ட்ரிப்டன் வகை இதய நோய் உள்ளவங்களுக்கு ஆகாது. திடீர்னு இடி விழுந்த மாதிரி வர்ற வலி, கை கால் மரத்துப் போறது, காய்ச்சலோட கழுத்து விறைக்கிறதுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மத்தபடி, வீட்டுல யாராவது ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்தா, தயவுசெஞ்சு சிரிக்காதீங்க.