தவறணை எப்படி மலையேறியது?

"தோட்டத்துச் சனம் எண்டாலே குடிதானே." பஸ்ஸில் கேட்டிருக்கிறோம், வகுப்பறையிலும் கேட்டிருக்கிறோம். சம்பள நாளில் லயத்துக்கு வந்துசேராத காசைப் பார்த்து வளர்ந்தவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அதனால் குடிக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. ஆனா அந்தத் தவறணை அங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லையே!

கள்ளும் சாராயமும் இலங்கைக்குப் புதிசில்லை. தென்கரையில் தென்னங்கள்ளு, வடக்கில் பனங்கள்ளு, மலையில் கித்துள் கள்ளு என்று எப்போதும் இருந்ததுதான். புதிசாக வந்தது விற்கிற முறை. ஒல்லாந்தர் சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். 1796இல் கரையோரத்தைப் பிடித்த ஆங்கிலேயரும் அதையே தொடர்ந்தார்கள். 1815இல் கண்டி விழுந்தபிறகு அந்த முறையும் மலையேறியது. 1833இல் கறுவா ஏகபோகத்தைக் கைவிட்ட அரசாங்கம், சாராயக் குத்தகையை மட்டும் விடவில்லை. அவ்வளவு வருமானம்.

குத்தகை நடந்த விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பிரதேசத்தில் விற்கும் உரிமை ஏலத்துக்கு வரும். கூடக் கேட்டவருக்கு அது கிடைக்கும். ஏலப் பணம் அரசாங்கத்துக்கு. அதுக்கு மேலே எவ்வளவு விற்கிறாரோ அவ்வளவும் குத்தகைக்காரருக்கு லாபம். அப்ப அவர் என்ன செய்வார்? சனம் கூடுகிற, கையில் காசு புழங்குகிற இடமாகப் பார்த்துத் தவறணை திறப்பார். 1830களுக்குப் பிறகு அப்படியான இடமாகக் கோப்பித் தோட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து காட்டுவழியே நடந்து, கங்காணியிடம் பட்ட கடனோடு வந்த மனிதர்கள். குளிர், நோய், நாள் முழுக்க வேலை. களைப்பை மறக்க வேறு என்ன இருந்தது அங்கே?

அந்தக் காசு எங்கே போனது என்பதைக் குமாரி ஜயவர்தன தன் ஆய்வில் விரிவாகக் காட்டுகிறார். இலங்கையின் பெரிய பணக்காரக் குடும்பங்கள் பலவற்றின் முதல், சாராயக் குத்தகையில் சேர்ந்தது. மொறட்டுவை டி சொய்சா குடும்பம் அதில் ஒன்று. கொழும்பில் பெண்களுக்கான டி சொய்சா வைத்தியசாலை அந்தப் பெயரில்தான் இருக்கு. நல்ல காரியம்தான். ஆனா அந்தச் செல்வத்தில் தோட்டத்துக் கூலியும் ஒரு பங்கு என்பதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

1912இல் அரசாங்கம் மதுவரி முறையை மாற்றி, கள்ளுக்கென்று தனித் தவறணைகளைத் திறக்கப்போக, ஊரூராகக் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். எப்.ஆர். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக போன்றோர் முன்னுக்கு நின்ற மதுவிலக்கு இயக்கம் அது. 1915 கலவரத்தின்போது அவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். குடியை எதிர்ப்பது ஒரு காலத்தில் அரசாங்கத்தை எதிர்ப்பதாகவே இருந்தது!

இப்ப 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. வரி கூடி, போத்தல் விலை ஏறினால் சிலர் கசிப்புக்குப் போகிறார்கள். அதில் என்ன கலந்திருக்கு என்று காய்ச்சினவருக்குத்தான் தெரியும். மெதனோல் சேர்ந்தால் முதலில் கண், பிறகு உயிர். மதுவரி மட்டும் இன்றைக்கும் அரசாங்கத்தின் கணக்கில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.