ஏற்கப்படாத முதல் புகார்: ஆட்டோ சங்கர் வழக்கும் விருத்தாசலம் தீர்ப்பும்

தொடர்கொலை என்னும் சொல்லுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடம் இருந்ததில்லை. ஒருவரைக் கொன்றாலும் அறுவரைக் கொன்றாலும் அது 302ஆம் பிரிவுதான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு. வரையறை வெளியிலிருந்து வந்தது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2005இல் கூட்டிய கருத்தரங்கு, ஒரே குற்றவாளியோ குற்றவாளிகளோ வெவ்வேறு நிகழ்வுகளில் இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ கொல்வதே தொடர்கொலை என்று சுருக்கமாக வகுத்தது. அதில் கொலையாளியின் மனநோய் பற்றிப் பேச்சே இல்லை. நம்முடைய செய்தித்தாள்களும் திரைப்படங்களும் அதற்கு நேர்மாறு. 'சைக்கோ' என்ற ஒற்றைச் சொல்லில் விசாரணையை முடித்துவிடுகின்றன. கொலையாளியின் மூளைக்குள் என்ன இருந்தது என்பது மருத்துவருக்கு உரிய கேள்வி. முதல் கொலைக்குப் பின் இரண்டாவது கொலை எப்படி நடக்க முடிந்தது என்பது அரசுக்கு உரிய கேள்வி. இக்கட்டுரை இரண்டாவது கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

என் வாதம் இது. தொடர்கொலையைத் தொடர வைப்பது ஏற்கப்படாத முதல் புகார். அந்தப் புகாரைத் திருப்பி அனுப்பிய கையைத் தண்டிக்காமல் கொலையாளியை மட்டும் தண்டிக்கும் தீர்ப்பு, எத்தனை கடுமையாக இருந்தாலும், அடுத்த கொலையைத் தடுக்காது. இதை நிறுவ இரண்டு வழக்குகளை அருகருகே வைக்கிறேன். ஒன்று தமிழ்நாடே அறிந்த ஆட்டோ சங்கர் வழக்கு. மற்றது, யாரும் தொடர்கொலை என்று அழைக்காத விருத்தாசலம் வழக்கு.

கௌரி சங்கர் என்ற இயற்பெயர் கொண்ட ஆட்டோ சங்கர் திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டியவர். சாராயம் கடத்தினார், பின்பு பாலியல் தொழில் நடத்தினார். 1980களின் பிற்பகுதியில் அவரும் கூட்டாளிகளும் ஆறு பேரைக் கொன்றார்கள். உடல்கள் சில புதைக்கப்பட்டன, ஒன்று எரிக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள் அல்லர்; அவர்கள் காணாமல் போனது நகரத்தை உலுக்கவில்லை. கைதுக்குப் பின் 1990 ஆகஸ்டில் சென்னை மத்தியச் சிறையிலிருந்து தப்பிய சங்கர் ஒடிசாவில் பிடிபட்டார். தப்பிக்க உதவியதாகச் சிறைக் காவலர்களே தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்கதவைத் திறந்துவிட அரசு ஊழியர் கிடைக்கிற ஒருவருக்கு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் சாராயக் கடையையும் விடுதியையும் நடத்த எவ்வளவு துணை கிடைத்திருக்கும் என்ற கேள்வி தானாக எழ வேண்டும். நீதிமன்றத்தில் அது எழவில்லை.

வழக்கு வேகமாக நடந்தது. செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31 அன்று சங்கருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சங்கரின் மேல்முறையீட்டைத் தள்ளியது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். முதல் தீர்ப்பிலிருந்து தூக்குமேடை வரை நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. நம் நீதிமன்றங்களால் விரைந்து செயல்பட முடியும் என்பதற்கு இது சான்று. அந்த விரைவு எவருக்குக் கிடைக்கிறது, எவருக்குக் கிடைப்பதில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சங்கர் வழக்கில் சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது அந்தத் தண்டனைத் தீர்ப்பை அல்ல. சிறையில் அவர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியதாகவும், காவல்துறை, ஆட்சிப்பணி அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்பை அதில் சொல்லியிருப்பதாகவும், அதைத் தொடராக வெளியிடப்போவதாகவும் நக்கீரன் இதழ் அறிவித்தது. 1994 ஜூன் 15 அன்று சிறைத்துறைத் தலைவர் வெளியீட்டை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். அது சங்கர் எழுதியதே அல்ல என்றது அரசுத் தரப்பு. ஆசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதி 1994 அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பு இரண்டு தூண்களை நட்டது. ஒருவரின் அந்தரங்கம் அவருடைய உயிருரிமையின் பகுதி. அதே வேளையில், தங்களை இழிவுபடுத்தும் என்று அஞ்சி ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை. நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை எழுத எவர் சம்மதமும் வேண்டாம். அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையென 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்தபோது கடந்துவந்த படிக்கட்டுகளில் இதுவும் ஒன்று.

கருத்துரிமை வரலாற்றில் இது பெரிய வெற்றி. குற்ற நீதியின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்தக் கையெழுத்துப்படி மெய்யா பொய்யா என்று நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. சங்கரோ அவர் மனைவியோ அந்த வழக்கில் தரப்பினரே அல்லர். ஏழு மாதத்தில் சங்கர் தூக்கிலேறினார். குற்றச்சாட்டு மெய்யென்றால் அதை நிறுவக்கூடிய முதன்மைச் சாட்சி அவர். பொய்யென்றால் குறுக்கு விசாரணையில் அதை உடைத்துக் காட்டவும் அவரே தேவை. இரண்டு வழியும் ஒரே காலையில் அடைபட்டன. தூக்குத் தண்டனை பற்றிய விவாதத்தில் நம்மவர்கள் அறம் பேசுகிறார்கள், அச்சுறுத்தும் ஆற்றல் பேசுகிறார்கள். அது ஒரு சாட்சியை அழிக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதல் புகார் ஏற்கப்படாததன் விளைவை நொய்டாவின் நிதாரி இன்னும் கசப்பாகச் சொல்கிறது. குழந்தைகளைக் காணவில்லை என்று ஏழைப் பெற்றோர் காவல்நிலையத்துக்கு நடையாய் நடந்தும் பேச்சு எடுபடவில்லை. 2006 டிசம்பர் இறுதியில் எலும்புகள் வெளிவந்த பிறகே ஊர் விழித்தது. தூக்குத் தண்டனைகள் வரிசையாக விதிக்கப்பட்டன. 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணையின் சீர்கேட்டைச் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2025 நவம்பரில் எஞ்சியிருந்த கடைசி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் விடுதலை அளித்தது. குழந்தைகள் இறந்தது உண்மை. கொன்றவர் யாரென்று சட்டத்தின் ஏட்டில் இன்று எவர் பெயரும் இல்லை. முதல் புகாரைப் பதிந்து, சான்று ஈரமாக இருக்கும்போதே தேடியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

இனி விருத்தாசலம். மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரர் கோவிலும், களிமண்ணைச் சுட்டுப் பொம்மையும் பியூஸ் கட்டையும் செய்யும் பீங்கான் தொழிற்பேட்டையுமாக அறியப்பட்ட ஊர். அதன் அருகே புதுக்கூரைப்பேட்டை. பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசன் வேதிப்பொறியியல் படித்தவர்; வன்னியர் வகுப்பைச் சேர்ந்த கண்ணகி வணிகவியல் பட்டதாரி, ஊராட்சித் தலைவரின் மகள். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவரும் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, பலர் பார்த்து நிற்க நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் எரிக்கப்பட்டன.

முருகேசனின் தந்தை விருத்தாசலம் காவல்நிலையத்துக்குப் போனார். புகார் ஏற்கப்படவில்லை. செய்தி வெளியே பரவிய பிறகு, ஜூலை 17 அன்றுதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஒன்பது நாள் தாமதம் மட்டும் என்றால் மெத்தனம் என்று சொல்லிவிடலாம். அந்த அறிக்கை பெண் வீட்டாரோடு முருகேசனின் உறவினரையும் கொலைகாரர்களாகச் சேர்த்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் குற்றவாளிக் கூண்டில். இரு தரப்பையும் சமமாக நிறுத்துவதுபோலத் தோன்றும் இந்தத் தந்திரம் நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. கலவரம் நடந்தால் அடித்தவன் மேலும் அடிபட்டவன் மேலும் ஒருசேர வழக்குப் போட்டுச் 'சமாதானம்' பேசுவது காவல்நிலையப் பழக்கம். இங்கே அது கொலைக்கும் நீண்டது. 2004இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றோர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் ஏடு மூடப்பட்டிருக்கும்.

2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணகியின் சகோதரருக்குத் தூக்கு, பன்னிருவருக்கு ஆயுள். அந்தப் பன்னிருவரில் இருவர் காவல்துறையினர். 2003இல் ஆய்வாளராக இருந்தவர் அதற்குள் துணைக் கண்காணிப்பாளராக உயர்ந்து ஓய்வும் பெற்றிருந்தார். உதவி ஆய்வாளர் ஆய்வாளராகியிருந்தார். 18 ஆண்டுகளில் பதவி உயர்வு அவர்களை எட்டியது, நீதி முருகேசனின் வீட்டை எட்டவில்லை. 2022 ஜூன் 8 அன்று உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது, உதவி ஆய்வாளராக இருந்தவரின் தண்டனையை இரண்டு ஆண்டாக்கியது, ஆய்வாளராக இருந்தவரின் ஆயுள் தண்டனையை அப்படியே வைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சுதான்ஷு தூலியா, பிரசாந்த் குமார் மிஸ்ரா அமர்வு இதை உறுதிப்படுத்தியது.

இது ஓர் இணையரின் கொலை, ஒரே நாளின் நிகழ்வு. தொடர்கொலை என்று எப்படிச் சொல்லலாம் என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. குற்றப்பொறுப்பு தனிமனிதருடையது, ஒரு சாதியைக் கூண்டிலேற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. இந்த எல்லையை நான் தாண்டவில்லை. ஆனால் தொடர்கொலை ஆராய்ச்சி தேடும் அடையாளங்களை எண்ணிப் பாருங்கள்: இலக்கைத் தேர்ந்தெடுப்பதில் மாறாத விதி, திரும்பத் திரும்ப வரும் செய்முறை, உடலை அழித்துத் தடயம் மறைத்தல், அடுத்த கொலைக்கு முன் ஓர் இடைவெளி. 2015இல் கோகுல்ராஜ், 2016இல் உடுமலைப்பேட்டை சங்கர், 2025 ஜூலையில் நெல்லையில் கவின்: எல்லாம் சாதி கடந்த உறவின் பேரில் நடந்த ஆணவக்கொலைகள். ஊர் வேறு, சாதி வேறு, கை வேறு, விதி ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனிக் குடும்பத் தகராறாகப் படிக்கும்போது இந்த விதி கண்ணுக்குப் படாமல் போகிறது. ஒரு மனிதன் பலமுறை செய்தால் அந்தத் தொடர்ச்சியைக் கண்டு நடுங்குகிறோம். பல மனிதர்கள் ஒரே விதியைப் பின்பற்றிச் செய்தால் தொடர்ச்சியே இல்லை என்று அமைதி கொள்கிறோம். ஐந்து பேரோ மேலோ சேர்ந்து சாதியின் பேரால் கொல்வதைத் தனி வகையாக்கியுள்ள புதிய சன்ஹிதாவின் 103(2) உட்பிரிவு, சட்டமே இந்தத் திசையில் மெல்ல நகர்வதைக் காட்டுகிறது.

உச்ச நீதிமன்றம் இரண்டையும் முன்பே ஒரே தராசில் வைத்தும் இருக்கிறது. அரிதினும் அரிதான வழக்குக்கே தூக்கு என்று 1980இல் பச்சன் சிங் வழக்கு சொன்னது. எவை அத்தகையவை என்று 1983இல் மச்சி சிங் வழக்கு வகைப்படுத்தியபோது பலரைக் கொல்வது ஒரு வகையாயிற்று. பட்டியல் சாதியினர் ஒருவரைச் சொந்தப் பகையால் அன்றிச் சமூகச் சீற்றத்தை எழுப்பும் சூழலில் கொல்வது இன்னொரு வகையாயிற்று. ஆட்டோ சங்கர் முதல் வகை, புதுக்கூரைப்பேட்டை இரண்டாம் வகை. முன்னதில் தூக்கு நிறைவேறியது, பின்னதில் ஆயுளானது. இந்த வேறுபாட்டைச் சாதிச் சலுகை என்று சிலர் படிக்கிறார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. முடிவோடு உடன்பட முடியவில்லை. அநீதி தண்டனையின் அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. அங்கே கைதுக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் முதல் தீர்ப்பு. இங்கே கொலைக்குப் பின் 18 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். அதே ஊரில், அதே தெருவழியே, அதே மனிதர்களைக் கடந்து ரேஷன் கடைக்குப் போக வேண்டிய சாட்சி 18 ஆண்டு உறுதியாக நிற்பது எளிதா? முருகேசனின் சிற்றன்னை நின்றார். உறவினர் என்பதால் அவர் சொல்லைத் தள்ள வேண்டும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆட்டோ சங்கர் வழக்கு எட்டாத இடத்தை விருத்தாசலம் தீர்ப்பு எட்டியது: காவல்நிலைய மேசை. பொய் ஆவணம் உண்டாக்கியதற்காக ஓர் ஆய்வாளர் கொலைகாரர்களோடு சேர்ந்து ஆயுள் தண்டனை பெறுகிறார். அடுத்த புகாரோடு ஒரு தந்தை படியேறும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் பேனாவை நகர்த்தப்போவது சேலத்துத் தூக்குக் கயிற்றின் நினைவு அல்ல. இந்தத் தண்டனையின் நினைவு. பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தெரியவந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என 2013இல் லலிதா குமாரி வழக்கு தீர்த்துவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், புகாரைப் பதிவதை அரசு ஊழியரின் கடமையாகப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை. இந்தப் பிரிவு ஏட்டில் இருக்கும் அளவுக்கு வழக்குகளில் இல்லை.

ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் பரிந்துரைக்க முன்னாள் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. அச்சட்டத்தில் தண்டனையின் கடுமையைப் பற்றி ஒரு பிரிவு எழுதுவோர், புகாரை மறுத்த அதிகாரி கொலையாளிகளோடு அதே நீதிமன்றத்தில், அதே விசாரணையில் நிறுத்தப்படுவார் என்று இன்னொரு பிரிவும் எழுத வேண்டும். விசாரணைக்குக் கால வரம்பும் வேண்டும். புதுக்கூரைப்பேட்டைத் தந்தை 2003 ஜூலையில் கொண்டுபோன புகார் அன்றே பதிவாகியிருக்க வேண்டியது.