டெடிகேட்டட் ஐபி: கூடுதல் காசு கொடுக்கும் முன் யோசியுங்கள்

ஹோஸ்டிங் வாங்கும்போது, பணம் கட்டும் பக்கத்தில் 'டெடிகேட்டட் ஐபி வேண்டுமா?' என்று ஒரு கேள்வி வரும். கூடவே தனிக் கட்டணமும் இருக்கும். டிக் அடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஷேர்டு ஐபி எப்படி வேலை செய்கிறது?

அபார்ட்மென்ட் மாதிரிதான். ஒரே கதவு எண், உள்ளே பல வீடுகள். உங்கள் தளத்தைத் திறக்கும் பிரௌசர், தளத்தின் பெயரையும் சர்வரிடம் சொல்லிவிடும். அதை வைத்து சர்வர் சரியான தளத்தைக் காட்டும்.

எஸ்எஸ்எல் போட தனி ஐபி வேண்டாமா?

முன்பு வேண்டியிருந்தது. எஸ்என்ஐ தொழில்நுட்பம் வந்தபின் ஒரே ஐபியில் பல தளங்களுக்குத் தனித்தனி எஸ்எஸ்எல் போடலாம். இன்றைய பிரௌசர்கள் எல்லாமே இதை ஏற்கின்றன. தனி ஐபி வாங்கினால் கூகுளில் முன்னால் வரலாம் என்பதையும் நம்ப வேண்டாம்.

ஏன் தனிக் கட்டணம்?

ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகளவில் இவற்றைப் பகிர்ந்தளிக்கும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அமேசான் வெப் சர்வீசஸ் 2024 பிப்ரவரி முதல் ஒரு பொது ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. வருடத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 44 டாலர்.

அப்போ யாருக்குத்தான் தேவை?

- சொந்த சர்வரிலிருந்து மெயில் அனுப்புபவர்கள்: அதே ஐபியில் இருக்கும் வேறொருவர் ஸ்பேம் அனுப்பினால், உங்கள் ஆர்டர் மெயிலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். ஆனால் புது ஐபிக்கும் நற்பெயர் உடனே கிடைக்காது. குறைவாக அனுப்புபவர்களுக்கு மெயில் சேவை நிறுவனங்களே போதும்.

- வங்கி ஏபிஐ பயன்படுத்துபவர்கள்: பல வங்கிகள் முன்பே பதிவுசெய்த ஐபியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும்.

பக்கத்து வீட்டுப் பிரச்னை

ஸ்பெயினில் 2025-ல், கால்பந்துப் போட்டிகளைத் திருட்டுத்தனமாக ஒளிபரப்பிய தளங்களை முடக்க கிளவுட்ஃபிளேர் ஐபிகள் தடுக்கப்பட்டன. அதே ஐபிகளைப் பகிர்ந்த, தவறே செய்யாத தளங்களும் சேர்ந்து முடங்கின. இதற்குத் தனி ஐபி தீர்வா? கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன் வழியாக உங்கள் தளம் இயங்கினால், வெளியே தெரிவது பொதுவாக அவர்களின் ஷேர்டு ஐபிதான். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது பின்னால் மறைந்திருக்கும்.

வாங்குவதென்றே முடிவு செய்தால், ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "என் சர்வரிலிருந்து வெளியே போகும் மெயிலும் ஏபிஐ கோரிக்கைகளும் இந்த ஐபி வழியாகத்தான் போகுமா?" இல்லை என்றால், அந்தக் காசு வீண்.